பச்சையம்மாள் பிணைத்த இழை

2024 செப்டம்பர் 16 — பாஸ்போர்ட், ரூ. 1,500
2025 பிப்ரவரி 10 — விசா, ஏஜெண்ட் கூலியுடன், ரூ. 2,650
2025 பிப்ரவரி 24 — விமானச் சீட்டு, போக வர, ரூ. 58,400
2025 மார்ச் 29 — ஆரணியிலிருந்து விமான நிலையம், வாடகை கார், ரூ. 3,400
2025 ஏப்ரல் 12 — கோட்டை, இருவர், 1,600 யென்
அதே நாள் — அகழிப் படகு, இருவர், 3,200 யென்
அதே நாள் — போர்வீரர் வீடு, இருவர், 800 யென்
அதே நாள் — பட்டுக் கிடங்கு, இருவர், 1,000 யென்
2025 ஏப்ரல் 26 — விமான நிலையத்திலிருந்து ஆரணி, வாடகை கார், ரூ. 3,400
2025 மே 19 — பதிவுத் தபால், ஜப்பான், ரூ. 135

பச்சையம்மாளின் ஜப்பான் பயணத்துக்காக நான் குறித்துவைத்த இந்தச் செலவுப் பட்டியலின் எட்டாவது வரியில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். மற்ற வரிகள் அதற்கு முன்னும் பின்னும் வருபவை.

பச்சையம்மாள் ஆரணி கொசப்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே, எட்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். வயது ஐம்பத்தேழு. கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் தீபா. அவள் இன்ஜினியரிங் முடித்து, ஜப்பானில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். நான் இங்கே நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியவன். தெருவில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். பச்சையம்மாளின் பாஸ்போர்ட், விசா காகிதங்களை நிரப்பியதும் நான்தான்.

பச்சையம்மாளின் தொழில் பாவு பிணைப்பது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டால், அடுத்த பாவின் நாலாயிரத்து எண்ணூறு இழைகளையும் முதலிலிருந்து தறியில் கோக்க வேண்டியிருக்கும். அதனால் பழைய பாவின் வாலைத் தறியிலேயே விட்டுவைத்து, அதன் ஒவ்வோர் இழை நுனியோடும் புதிய இழையின் நுனியைச் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். முடிச்சு போடக் கூடாது. சாம்பல் தொட்ட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு முறுக்கு, ஒரு மடக்கு, மறுபடி ஒரு முறுக்கு. பிணைத்த இடம் எது என்று பிணைத்தவருக்கே பிறகு தெரியாது. பதிமூன்று வயதில் ஆரம்பித்த வேலை. ஆரணியிலும் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டிலும் அவர் விரல் படாத தறி குறைவு.

தறி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய தறியாக இருந்தாலும், அறுந்த இழை ஒன்று கண்ணில் பட்டால், பார்த்தவர் அதைப் பிணைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். சீட்டுப் பணம் வாங்க வந்தவர் பிணைப்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் பிணைப்பார். யாரும் அனுமதி கேட்பதில்லை. அறுந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றவரைத்தான், “கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று கேட்பார்கள். கவனிக்காமல் விட்ட ஓர் இழை புடவையின் நீளத்துக்கும் கோடு போட்டுவிடும்.

விசாவுக்காகத் தீபா ஜப்பானிலிருந்து ஓர் உறுதிக் கடிதம் அனுப்பியிருந்தாள். அதில் மூன்று பத்திகள். தங்கும் செலவு தன்னுடையது என்பது முதல் பத்தி. திரும்பிப் போகும் செலவும் தன்னுடையது என்பது இரண்டாவது. விருந்தினர் ஜப்பானியச் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பார், அதற்குத் தானே பொறுப்பு என்பது மூன்றாவது. அதன் நகலைக் கோப்பில் வைக்கும்போது பச்சையம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது பத்தியைக் கேட்டுச் சிரித்தார்.

“நான் இன்னா கத்தியா எடுத்துகினு போறேன்? முறுக்கும் ஊறுகாயும்தாண்ணா எடுத்துகினு போறேன்.”

ஏப்ரல் 12 சனிக்கிழமை. தீபா அம்மாவை ரயிலில் ஒரு கோட்டை ஊருக்கு அழைத்துப் போனாள். அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பச்சையம்மாள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். மலைகளுக்கு நடுவே சிறிய ஊர். நடுவில் அகழி, அகழிக்குள் கருப்புப் பலகை அடித்த ஐந்தடுக்குக் கோட்டை. தண்ணீர் முழுவதும் செர்ரிப் பூ உதிர்ந்து வெளிறிக் கிடந்தது.

“கோட்டைன்னா நம்ம ஆரணிக் கோட்டை மைதானம் மாதிரி உள்ள ஆபீஸு, கோயிலு, நாலு டீக்கடை இருக்கும்னு நெனச்சேன்” என்றார் என்னிடம். அங்கே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஒரே மர இருட்டு. படிக்கட்டு ஏணியைப் போலச் செங்குத்தாக இருந்தது. மேலேறுகிறவரின் குதிகால் கீழே இருப்பவரின் நெற்றிக்கு நேரே வந்தது. மூன்றாவது அடுக்கில் தரையோரமாக ஒரு பலகை மூடி. ஏறி வரும் எதிரியின் தலையில் கல் போடுவதற்கான துவாரம் அது என்று தீபா சொன்னாள். பச்சையம்மாள் அதற்கு மேல் ஏற மறுத்துவிட்டார்.

“மா, இப்ப எவன் மா கல்லு போடப்போறான்?”

“எறங்குடி. எனக்குத் தலையில குறுகுறுங்குது.”

பிறகு அகழிப் படகு. தாழ்ந்த பாலம் ஒன்று வந்தபோது படகோட்டி ஏதோ சொன்னார். உடனே படகின் கூரை அப்படியே கீழே இறங்கியது. எல்லோரும் தலையை முழங்காலில் வைத்துக் குனிந்தார்கள். பச்சையம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. கூரை தன்மேல் விழுகிறது என்று நினைத்து, “ஐயோ எம் பொண்ணு!” என்று தீபாவின் மேல் கவிழ்ந்துகொண்டார். படகில் இருந்த பதினொரு பேரும் கை தட்டினார்களாம். போர்வீரர் வீட்டில், விருந்தாளி வாளைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார வேண்டிய அறையைக் காட்டினார்கள். அங்கேயே பச்சைத் தேநீரும் ஓர் இனிப்பும் கொடுத்தார்கள். தேநீர் வேப்பிலைக் கஷாயம்போல் இருந்ததாகவும், கீழே ஊற்றினால் கோபித்துக்கொள்வார்களோ என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்ததாகவும் சொன்னார். அதுவரை அவர் பட்டதெல்லாம் ஊருக்கு வந்து சொல்லிச் சிரிக்கக் கூடிய பயம்.

நான்காவதாகப் போனது பட்டுக் கிடங்கு. கோட்டைக்குப் பட்டு கொடுத்துவந்த வியாபாரி ஒருவருடைய கிடங்கு அது. தடித்த வெள்ளைச் சுவர், ஒரே கதவு. இப்போது சிறிய அருங்காட்சியகம். வாசலில் நீலச் சட்டைக்காரப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுந்து நின்று வணங்கி, தீபாவுக்கு ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார். பாஷை தெரியாத பச்சையம்மாள் தனியாக அடுத்த அறைக்கு நடந்தார்.

அது கடைசி அறை. குறைந்த வெளிச்சம். அங்கே ஒரு தறி இருந்தது. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கயிறு. கயிற்றில் தொங்கிய அட்டையில் ஒரு கையின் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

“அத பாத்தேண்ணா. பாக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன்” என்றார்.

தறியில் பாவு ஏறியிருந்தது. ஒரு சாண் அளவு நெய்த துணி. வலது ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி ஓர் இழை அறுந்து, ஒரு நுனி துணிப் பக்கமும் மற்றது பாவுப் பக்கமும் தொங்கியது. பாவு தொய்ந்திருந்ததால் இரண்டு நுனியும் ஒன்றையொன்று எட்டின. பச்சையம்மாளின் கைப்பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. கயிற்றுக்கு மேலாகக் குனிந்தார். இழை காய்ந்த வைக்கோலைப் போல இருந்ததாம். மூச்சை அடக்கிக்கொண்டு, மெதுவாக, ஒரு முறுக்கு, ஒரு மடக்கு, மறுபடி ஒரு முறுக்கு. பிணைப்பு நின்றது. நிமிர்ந்து முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டார். வேலை முடிந்த திருப்தி இருந்தது என்பதையும் அவர் என்னிடம் மறைக்கவில்லை.

அப்போது தீபா உள்ளே வந்தாள். பெரியவர் வாசலுக்குத் திரும்பிப் போயிருந்தார். சுவரில் இருந்த பலகையைப் பார்த்து அவள் அம்மாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

“மா, இத கேளேன். ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தெட்டுல இந்தக் கோட்டைய காலி பண்ணாங்களாம். அன்னிக்கிக் காலைல ஒரு பொம்பள இந்தத் தறில நெய்ஞ்சிகினு இருந்துச்சாம். சத்தம் கேட்டு எழுந்து ஓடிச்சாம். எழுந்துக்கும்போது ஒரு இழை அறுந்துபோச்சாம். அன்னிலேர்ந்து இன்னிக்கி வரைக்கும் அத யாருமே தொடலையாம். அந்த நாள் இந்த ஊர்ல மிச்சம் இருக்கிறது அந்த ஒரு அறுந்த இழைலதான்னு போட்டிருக்காங்க. செம இல்ல?”

தீபா கயிற்றின் அருகே குனிந்தாள். “எங்க மா அது? உன் கண்ணுக்குத் தெரியுதா? எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

“லைட்டு கம்மியா கீது. வா, போலாம். கால் வலிக்குது.”

திரும்பும்போதுதான் மேல் மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார். அதில் ஒரு சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நீலச் சட்டைக்காரப் பெரியவர் மறுபடி எழுந்து வணங்கினார். பச்சையம்மாள் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே தலையை அசைத்தார்.

பிரித்துவிட்டிருக்கலாமே என்று நான் பின்னால் கேட்டேன். “பிரிக்கிற மாதிரி பிணைக்கத் தெரியாதுண்ணா எனக்கு” என்றார். “அதுவும் அந்தப் பழைய இழைய இன்னொரு தரம் தொட்டா நொறுங்கிடும்.”

அதற்குப் பிறகு ஜப்பானில் இருந்த பதினான்கு நாட்களும் அவர் எந்த இடத்தையும் பார்க்கவில்லை. தீபா கோயில், தோட்டம், கடைவீதி என்று கூப்பிட்டபோதெல்லாம் கால் வலி என்றார். தீபா வேலைக்குப் போனதும் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அழைப்பு மணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஒரு நாள் சைக்கிளில் வந்த போலீஸ்காரர் ஒருவர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிட்டுப் போனார். அன்று பச்சையம்மாள் சமைக்கவில்லை.

தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதல்ல அவருடைய பயம். தீபாவின் விசா ஜூலை 11-ஆம் தேதி முடிகிறது. அதைப் புதுப்பிக்க அவள் ஏப்ரலிலேயே விண்ணப்பம் கொடுக்க இருந்தாள். மூன்றாவது பத்தி அவருக்கு மனப்பாடம். அம்மா செய்த தப்புக்கு மகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார். தீபாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாமலிருந்தால் அவளைக் கேட்கும்போது தெரியாது என்று உண்மையாகவே சொல்லலாம் அல்லவா?

மே 3, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். ஒரு சுற்று இளைத்திருந்தார். முள்ளிப்பட்டு நெசவாளர் சம்பந்தம் வீட்டில் அவர் பிணைத்த பாவு கழன்றுபோய்விட்டதாகவும், சம்பந்தம் தெருவில் நின்று கத்தியதாகவும் நான் முந்தின நாளே கேள்விப்பட்டிருந்தேன். ஜப்பான் போய்வந்ததில் கை மாறிவிட்டது என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, அந்த மூணாவது பத்திய இன்னொரு தரம் படிங்க.”

படித்தேன். பிறகுதான் மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

“ஜப்பானுக்குள்ள போறப்ப ஏர்போர்ட்டுல ரெண்டு ஆள்காட்டி விரலையும் மெஷின்ல வெச்சு எடுத்துகினாங்கண்ணா. அந்த விரலாலதான் பிணைச்சேன். இப்ப இழை மேல கை வெச்சாலே வெரலு ஆடுது.”

“ஒரு இழைதானே அம்மா. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?”

“நாலாயிரம் இழைல ஒண்ணு இல்லைன்னா நான் கண்டுபிடிப்பேன். அவங்களுக்கு இருந்ததே ஒண்ணுதானே?”

அவர் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். அவர்களாகக் கண்டுபிடித்தால் கேமராவைப் பார்த்து, நுழைவுச் சீட்டைப் பார்த்து, தீபாவிடம்தான் போவார்கள். தானே முந்திக்கொண்டு, நான்தான் செய்தேன், என் மகளுக்குத் தெரியாது என்று எழுதிவிட்டால் குற்றம் தன்னோடு நின்றுவிடும். ஆகவே நான் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

எழுதினேன். ஐந்து முறை அடித்து எழுதி, மே 19 அன்று ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினேன். எந்த நாள், எத்தனை மணி, எந்த அறை, ஓரத்திலிருந்து எத்தனை விரல், முறுக்கு எந்தப் பக்கம், தொட்டது என்ன சாம்பல், எல்லாம் எண் போட்டு எழுதினேன். பச்சையம்மாள் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

மே 22 காலையில் நகலைக் கோப்பில் வைப்பதற்காக இன்னொரு முறை வாசித்தேன். ஒன்பதாவது எண்ணில் நின்றுவிட்டேன். “வருகை தந்தவர் தங்கிய முகவரி” என்று தலைப்புப் போட்டு, தீபாவின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், அவளுடைய கம்பெனி, நான்கையும் எழுதியிருந்தேன். இணைப்பு என்ற இடத்தில், ஆதாரத்துக்காக, அந்த உறுதிக் கடிதத்தின் நகல் ஒன்று.

முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு கடிதத்தையும் விவரம் பற்றாது என்று யாரும் எனக்குத் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். மகளின் பெயர் வரக் கூடாது என்பதற்காகவே எழுதச் சொன்ன கடிதத்தில் அவள் பெயரைத் தவிர மற்றவை யாவும் ஒரு முறைதான் இருந்தன; அவள் பெயர் மூன்று முறை இருந்தது. தபால் நிலையத்துக்கு ஓடினேன். பை சென்னையைத் தாண்டிப் போய்விட்டது என்றார்கள்.

இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, மே 24 அன்று போய்ச் சொன்னேன். பச்சையம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீரை வடிக்காமல் என்னையே பார்த்தார்.

“ரேஷன் கார்டு நம்பரு எழுதலையாண்ணா? அதையும் எழுதி இருக்கலாமே.”

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் தபால் வரும் பகல் நேரத்தில் தினமும் என் வீட்டுப் படியருகே வந்து நின்றார், ஏனென்றால் பதில் முகவரியாக என் வீட்டைத்தான் கொடுத்திருந்தேன். தபால்காரர் சதீஷ் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “இன்னா சார், கோர்ட்டு கேஸா?” என்று கேட்பார். பச்சையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஜூன் 9 அன்று முதல் பதில் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி, கீழே சிவப்பு முத்திரை. கடிதம் கிடைத்தது. தறியை நிபுணர் ஒருவர் பரிசோதித்து வருகிறார். தங்கள் மகளைத் தொடர்புகொள்வோம்.

மூன்றாவது வரியை நான் இரண்டாவது முறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பச்சையம்மாள் காகிதத்தை வாங்கி, எழுத்தை விட்டுவிட்டு, அந்தச் சிவப்பு முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவைக் கூப்பிடுவாள். ஜூன் 15 ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. இவரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை பகலில், நான் அங்கே இருந்தபோதே, போன் வந்தது. பச்சையம்மாள் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் தள்ளினார்.

“மா, இன்னா மா பண்ணி வெச்சிருக்க? மியூசியத்துலேர்ந்து ஆபீஸுக்கு போன் பண்ணாங்க. ஆபீஸுக்கு! எங்க மேனேஜரு எடுத்தாரு. சனிக்கெழம நேர்ல வரச் சொல்லி இருக்காங்க. என் விசா பேப்பரு இமிக்ரேஷன்ல இருக்குது மா. இந்த நேரத்துலயா?”

“நான்தான் பண்ணேன்னு சொல்லிடு. உனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு.”

“அதான் அந்த லெட்டர்ல நம்பர் போட்டு எழுதி இருக்குதே! எவன் மா அத எழுதிக் குடுத்தது?”

பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். “யாரோ ஒருத்தரு” என்றார். என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை தீபா போய்வந்தாள். கருப்புக் கோட்டுப் போட்ட மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அதில் பச்சையம்மாள் கயிற்றுக்கு மேல் குனிந்து, ஐம்பத்திரண்டு விநாடியில் நிமிர்கிறார். அதை அவர்கள் மூன்று முறை ஓட்டினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. அம்மாவின் தொழிலைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். குழு கூடித்தான் முடிவு சொல்லும், கடிதம் எழுதியவருக்கே பதில் வரும் என்றார்கள்.

“திட்டி இருந்தாக்கூட தேவல மா” என்றாள் தீபா. “வாசல் வரைக்கும் வந்து குனிஞ்சு கும்பிட்டு அனுப்புறாங்க.”

ஜூலை 11 வந்தது, போனது. விசா வரவில்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை அங்கே இருக்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம். தீபா அதை விளக்கினாள். பச்சையம்மாளுக்கு அது காதில் ஏறவில்லை. ஜூலை 15 அன்று இன்னொரு காகிதம் கேட்டு இமிக்ரேஷனிலிருந்து தபால் வந்ததாகத் தீபா சொன்னாள். கம்பெனியின் வரி ரசீதுதான் கேட்டிருந்தார்கள். ஆனால் அது தெரிவதற்குள் ஒரு பகல் முழுவதும் இருந்தது. அந்தப் பகலில் பச்சையம்மாள் மகளுடைய அலமாரியைத் திறந்து, அவளுடைய பழைய சுடிதார்களை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டார். மகள் திரும்பி வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று. நான் அந்தக் கொடியைத் தாண்டிக் கடைக்குப் போக முடியாமல் வேறு தெரு வழியாகப் போனேன்.

வேலையும் குறைந்துவிட்டது. சம்பந்தம் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். பச்சையம்மாள் ஒரு முறை தானாகவே முள்ளிப்பட்டுக்குப் போய், கூலி வேண்டாம், கையைப் பழக்கிக்கொள்கிறேன் என்று கேட்டு உட்கார்ந்தார். நாற்பது இழை பிணைத்தார். சம்பந்தம் பாவை இழுத்துப் பார்த்தார். பதினேழு கழன்றன. “பஸ்ஸு போயிடும், கெளம்பும்மா” என்றாராம், கோபிக்காமல்.

ஜூலை 25, வெள்ளிக்கிழமை. தீபாவுக்கு மூன்று ஆண்டு விசா கிடைத்தது. அவள் போனில் அழுதாள், சிரித்தாள். பச்சையம்மாள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை.

“குடுத்தத திருப்பி வாங்கிக்க மாட்டாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“அப்படியெல்லாம் வாங்க மாட்டார்கள் அம்மா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்றேன்.

“அந்தக் கூட்டம் போட்டவங்க இன்னும் எழுதலையே. எழுதலைன்னா இன்னும் முடிவு பண்ணலைன்னு அர்த்தம். இமிக்ரேஷனுக்குத் தெரியாமத்தான் விசா குடுத்திருப்பாங்க. தெரிஞ்சா?”

அந்தக் கேள்வியில் தப்பு கண்டுபிடிக்க நான் முயன்றேன். முடியவில்லை. மறுபடியும் பகல் நேரத்தில் இருவரும் படியருகே நின்றோம். சதீஷ் இப்போது கேலி செய்வதில்லை. தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார்.

ஆறாவது நாள் அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். தடித்த வெள்ளை உறை. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பச்சையம்மாள் உட்காரவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, “படிங்க” என்றார்.

இரண்டு பக்கம். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். தாங்கள் எழுதிய இடத்திலேயே பிணைப்பைக் கண்டுபிடித்தோம். தாங்கள் எழுதியிராவிட்டால் கண்டுபிடித்திருக்க முடியாது. அதை மீண்டும் அறுத்துவிடலாம் என்று குழுவில் இருவர் சொன்னார்கள். ஆனால் இப்போது அறுத்தால் அது நாங்கள் அறுத்த இழையாகுமே தவிர, அன்று அறுந்த இழையாகாது. ஆகவே அப்படியே விட்டுவிடுகிறோம். எங்களிடம் இருந்தது எங்களிடம் இல்லை என்பதை வருத்தத்தோடு தெரிவிக்கிறோம். கயிற்றை எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் வைத்திருக்கிறோம். காவல்துறைக்கோ வேறு எந்த அலுவலகத்துக்கோ இதைத் தெரிவிக்கவில்லை, தெரிவிக்கவும் மாட்டோம். தங்கள் மகளுக்கு இதில் எந்தப் பொறுப்பும் இல்லை.

“அந்தக் கடைசி வரிய இன்னொரு தரம்.”

படித்தேன். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார். பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். “எங்களிடம் இருந்தது எங்களிடம் இல்லைன்னு எழுதி இருக்காங்க இல்ல?” என்றார்.

“ஆமாம்.”

“நெஜந்தானே அது.” முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டாவது பக்கத்தில் இன்னும் நான்கு வரி இருந்தது. அதை வாசிக்காமல் விடலாமா என்று யோசித்தேன். பிறகு வாசித்தேன். சுவரில் இருந்த பலகையை மாற்றிவிட்டார்கள். 1868-இல் அறுந்த இந்த இழை, 2025 ஏப்ரல் 12 அன்று, இந்தியாவில் ஆரணி என்ற ஊரைச் சேர்ந்த, பாவு பிணைக்கும் பச்சையம்மாள் என்பவரால் பிணைக்கப்பட்டது என்று புதிய பலகையில் எழுதியிருக்கிறார்கள்.

பச்சையம்மாள் முந்தானையை இறக்கினார்.

“எம் பேரா? செவுத்துலயா? போறவன் வரவன்லாம் படிப்பானா?”

“பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதட்டுமா?”

“நீங்க ஒண்ணும் எழுதாதீங்கண்ணா. நீங்க எழுதின வரைக்கும் போதும்.”

கடிதத்தை மடித்து உறையில் வைத்து, உறையின் மேல் வழக்கம்போல வரவு குறித்தேன்: 2025 ஜூலை 31, வியாழக்கிழமை, பகல் 12.20.